ஒன்றா, வேறா

வினிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே சத்தம் புகாத சிற்றறை,
சுவரெங்கும் துளைத்துளையாய் நுரைப்பலகை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லெஸ்யா.
செவிக்குள் மின்முனை பொருத்தி
எனக்கு ஆறு வாரம் ஆகிறது.
இரண்டு சொல் வரும், என்றாள்,
ஒன்றா வேறா, சொல்லுங்கள்.

பேட். பேட்.
ஒன்று, என்றேன்.
டை. டை.
ஒன்று.
கோட். கோட்.
ஒன்றேதான், அம்மா.

திரையைத் திருப்பிக் காட்டினாள்.
ஒன்று வௌவால், மற்றது தட்டிக்கொடுப்பது.
ஒன்று சாவது, மற்றது கழுத்தில் கட்டுவது.
ஒன்று ஆடு, மற்றது
நான் வாசலில் கழற்றி மாட்டியது.

முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன்.
பழைய காதுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
புதுக்காதோ ஐந்து வயதுக்குப் போய்
அரிச்சுவடி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது:
பல்லுக்கும் அதே ப,
பம்பரத்தின் நடுவிலும் அதே ப.

பதிலுக்கு என் பெயரைச் சொல்லச் சொன்னேன்.
புகலேந்தி.
ழ, என்றேன்.
ல, என்றாள், மிகுந்த கவனத்தோடு.
புகழ். புகல். ஒன்றா வேறா?
ஒன்று, என்றாள் சிரிக்காமல்.
புகல் கிடைத்தால் போதும் என்று வந்தவன்தான் நானும்.
அதைச் சொல்லவில்லை.

ஆக, சத்தமெல்லாம் பிசைந்த மாவு,
முறுக்கு அச்சு அவரவர் வீட்டிலிருந்து.
அப்படித்தான் நினைத்துக்கொண்டு பனியில் நடந்தேன்.

பிப்ரவரி முழுக்க மங்கையர்க்கரசி பேசினால்
பிளாஸ்டிக் பையைக் கசக்கும் ஓசை.
'சோறு ஆறுது' என்பது
ஒரு சரசரப்பு, சின்ன இடைவெளி, இன்னொரு சரசரப்பு.
மார்ச்சில் ஒரு மத்தியானம்
'உப்பு தீர்ந்துபோச்சு'
முழுசாக வந்து மடியில் விழுந்தது.
கருவியில் யாரும் கை வைக்கவில்லை.
அவள் குரலிலும் புதிதாக ஒன்றுமில்லை.
கடைக்கு ஓடினேன், இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

போர்ட்டேஜ் அவென்யூ சிக்னலில் இண்டிகேட்டர்
டக் டக் டக் டக், எல்லாம் ஒரே டக்.
தகிட என்று நினைத்தால் தகிட.
தகதிமி என்றால் தகதிமி.
ஐந்தாக்கினேன், அதற்கும் பணிந்தது.
பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருக்கிறேன்,
பின்னால் ஹாரன்,
அது என் தாளம் எதிலும் சேரவில்லை.

அன்றிரவு டிரான்ஸ்கோனாவில், வீட்டுக்குப் பின்புறம்,
நூற்றுப்பத்துப் பெட்டிக் கூட்ஸ்.
அதையும் மூன்றாக்கப் பார்த்தேன்.
ஏதோ ஒரு சக்கரம் தட்டையாகிப்போனது போல.
சுற்றுக்கு ஒரு டும்.
நான் வைத்த இடத்தில் அது விழவே இல்லை,
தன் நொண்டிக் காலைத் தன் இடத்தில்தான் ஊன்றியது.
மேசைமேல் டம்ளரில் தண்ணீர்,
காதில்லாதது, அரிச்சுவடி படிக்காதது,
அதே கணக்கில் நடுங்கியது.

காலையில் கொல்லைப்புறப் பனி வரிவரியாய்.
இரவெல்லாம் காற்று சீவிவிட்டிருக்கிறது, யாரும் பார்க்காமல்.
எண்ணினேன், பதினேழு.
எந்த வரி எங்கே முடிகிறது என்று சந்தேகம் வந்து
மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பது.

ஏப்ரல். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
'என்னங்க'
அத்தனை தெளிவு, அந்த 'ங்க' இழுவை உட்பட.
இறங்கி வந்து, கூப்பிட்டியா, என்றேன்.
இல்லையே. ஃபர்னஸ்தான் ஆன் ஆச்சு.
கரண்டியைக் கீழே வைத்தாள்,
என் காதோரக் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கூப்பிடலாம்னு இருந்தேன், என்றாள்.

சோறு ஆறியிருந்தது.